கறுப்பும் வெள்ளையும் போதும் என்கிறவர்களுக்கு

நேற்று ராத்திரி, சின்னப் பொம்மை உருவங்களுக்கு வண்ணம் தீட்டும் நம் மினியேச்சர் குழுவில் நடந்ததைப் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். கமென்டை மூடிவிட்டார்கள், அங்கே பதில் சொல்ல வழியில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். "சாம்பல் வேணும்னா கறுப்பையும் வெள்ளையையும் கல, இல்லேன்னா பாட்டில் வாங்கு. கலர் வீல், எதிர் நிறம்னு புதுப் பசங்களைக் குழப்பாதே" என்றார் ஒரு மூத்தவர். கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். இன்னொருவர் என் படத்தையே வெட்டியெடுத்து அதன் மேல் 'சேறு' என்று எழுதிப் போட்டார். கேள்வி கேட்ட தம்பிக்கு மட்டும் கடைசிவரை பதில் கிடைக்கவில்லை.

அவர் கேட்டது எளிய கேள்வி. என் 28 மில்லிமீட்டர் நெப்போலியன் பொம்மை போட்டிருக்கும் மேலங்கிக்கு எந்த கிரே பெயின்ட் பாட்டில் என்று கேட்டார். பாட்டில் இல்லை, பச்சையும் சிவப்பும் கலந்தது என்றேன். செய்ததைத்தான் சொன்னேன்.

ஏன் அப்படிக் கலந்தேன் என்று யாராவது கேட்டிருக்கலாம். நெப்போலியனின் சாம்பல் மேலங்கி எல்லோருக்கும் தெரியும். அதற்குள்ளே அவர் வழக்கமாக அணிந்தது காவல் படைக் குதிரைவீரர்களின் கரும்பச்சைச் சீருடை. காலரும் கைப்பட்டியும் சிவப்பு. பச்சையும் சிவப்பும் கலர் வீலில், அதாவது நிறங்களை வட்டமாக அடுக்கிய படத்தில், எதிரெதிரே நிற்பவை, கலந்தால் ஒன்றையொன்று அடக்கிவிடும். ஆக, அங்கிக்கு வேண்டிய சாம்பல் ஏற்கெனவே என் பேலட்டில் இருந்தது. சட்டையின் பச்சையில், காலரின் நிழலுக்கு வைத்திருந்த கிரிம்சனை, அதாவது நீலம் சாய்ந்த அடர் சிவப்பை, சேர்த்தேன். கிட்டத்தட்டக் கறுப்பாக ஒன்று வந்தது. அதில் வெள்ளை விட்டேன். மடிப்புகளுக்குள் சிவப்பு கொஞ்சம் தூக்கல், வெளிச்சம் விழும் தோளில் பச்சை கொஞ்சம் தூக்கல். அங்கியும் சட்டையும் ஒரே ஆளின் மேல், ஒரே வெளிச்சத்தில் இருப்பது போல உட்கார்ந்தது. கடையில் வாங்கும் நடுநிலை கிரே இதைத் தானாகச் செய்யாது.

சாம்பல் தனியாக நிற்கும் நிறம் இல்லை. பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதைப் பொறுத்து அது மாறும். இது என் கற்பனை அல்ல. மிஷெல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் 1824இல் பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். கறுப்புச் சாயம் பிடிக்கவில்லை, வெளிறித் தெரிகிறது என்று அங்கே புகார் இருந்தது. ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் ஓடிய நீல, ஊதா நூல்கள்தான் கறுப்பை அப்படிக் காட்டின. 1839இல் அதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். சிவப்புக் கேடயத்துக்குப் பக்கத்தில் நடுநிலை கிரேயை வைத்தால் பச்சை தட்டுவதும் இதே காரணத்தால்தான். பாட்டில் வாங்கினாலும் இந்த வேலை உங்களை விடாது.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் கும்பகோணத்தில் எங்கள் பள்ளி டிராயிங் மாஸ்டர். வருஷத்தின் முதல் வகுப்பிலேயே எல்லோருடைய கலர் பெட்டியிலிருந்தும் கறுப்பு வில்லையைப் பெயர்த்து எடுத்துக்கொள்வார். நிழலுக்குக் கறுப்பு வேண்டும் என்று கேட்டால், "அந்தச் சுண்ணாம்புச் சுவத்துல நிழல் விழுந்திருக்கு பாரு, அதுல கறுப்பு எங்க இருக்கு, பாத்துட்டு வந்து சொல்லு" என்று வெயிலில் அனுப்புவார். போய்ப் பார்த்தால் நிழல் நீலமாக இருக்கும். தரையோரம் மட்டும் செம்மண்ணின் பழுப்பு ஏறியிருக்கும். திரும்பி வந்து அல்ட்ராமரின் நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைத் தொட்டுத் தொட்டுக் கலப்போம். ஒரு கட்டத்தில் நீலம் அடங்கி, மழை மேகம் மாதிரி ஒரு சாம்பல் வரும். அந்தச் சாம்பல் வராத பையனைப் பார்த்தும் அவர் சிரித்ததில்லை.

'28 மில்லிமீட்டரில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்' என்கிறார்கள். சின்ன உருவத்தில்தான் அதிகம் வேண்டும். அந்த அளவில் அறை வெளிச்சம் போதுமான நிழலைத் தராது, நிழலை நாமே தீட்ட வேண்டியிருக்கிறது. தீட்டுகிற நிழலுக்கு நிறம் வேண்டாமா?

'கலந்தால் சேறுதான் வரும்' என்பது நியாயமான பயம், ஆனால் காரணம் வேறு. மினியேச்சருக்கென்று விற்கும் பல ஹாபி பாட்டில்களில் ஒரு நிறத்துக்கே இரண்டு மூன்று நிறமிகள், அதாவது நிறம் தரும் பொடிகள், கலந்திருக்கும். ஆரஞ்சு சாய்ந்த சிவப்பையும் மஞ்சள் சாய்ந்த பச்சையையும் கலந்தால் பழுப்புதான் வரும், ஏனென்றால் இரண்டிலும் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. நீலம் சாய்ந்த தாலோ கிரீன் என்ற பச்சையும் கிரிம்சனும் என்றால் சாம்பல் சுத்தமாக வரும். ஓவியர்களுக்கான அக்ரிலிக் ட்யூப்களில் நிறமியின் எண் அச்சிட்டிருக்கும், அல்ட்ராமரினுக்கு பிபி 29, தாலோ கிரீனுக்கு பிஜி 7 என்று. ஒற்றை நிறமி உள்ளதாகப் பார்த்து எடுத்தால் பாதிச் சேறு குறைந்துவிடும். படத்தில் 'சேறு' என்று எழுதியவர் இதைக் கேட்டிருந்தால் உட்கார்ந்து சொல்லியிருப்பேன்.

ஒரு பெரும் படைக்கே ஒரே கிரே வேண்டுமென்றால் பாட்டில் வாங்குங்கள், சரி. அதில் எனக்குச் சண்டையே இல்லை.

'பந்தா காட்டுகிறாய்' என்றும் ஒரு கமென்ட். அதுதான் ராத்திரி தூங்கவிடவில்லை. ஐந்தாறு ட்யூப் வைத்துக்கொண்டு கலந்து சமாளிப்பதா பந்தா? வெளிநாட்டு பாட்டில்கள் இங்கே வந்துசேரும் விலையில், ஒவ்வொரு சாம்பலுக்கும் ஒன்று வாங்கு என்று ஒரு கல்லூரிப் பையனிடம் சொல்வதுதான் அவனை விரட்டுகிற பேச்சு. குழப்பாதே, குழப்பாதே என்கிறீர்கள். குழம்பினேன் என்று அவன் சொன்னானா? அவன் கேட்டான். கேட்டவனுக்குப் பதில் சொல்ல எனக்கு யாருடைய அனுமதி வேண்டும்? இத்தனை வருஷம் இந்தக் குழுவில் கேட்டவருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன், யாரையும் சின்னவர் என்று தள்ளியதில்லை. அதே இடத்தில் என் வேலையை வெட்டி ஒட்டிச் சிரித்தபோது, என்னிடம் கற்றுக்கொண்டவர்கள்கூட வாய் திறக்கவில்லை. அது வலிக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

தம்பி, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். கிரிம்சனை முதலில் வையுங்கள். தாலோ கிரீனுக்கு வீரியம் அதிகம், பிரஷ் நுனியில் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். நடுவில் நின்று பார்க்க, ஓரத்தில் துளி வெள்ளையை இழுத்துவிடுங்கள். எந்தப் பக்கம் சாய்கிறது என்று உடனே தெரியும். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கருக்கும், அதனால் வேண்டியதைவிட வெளிறலாகவே கலந்துகொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் கலவை நிமிஷத்தில் காய்ந்துவிடும். தட்டில் ஈர ஸ்பாஞ்ச், மேலே பட்டர் பேப்பர், ஃபேனை நிறுத்திவிடுங்கள். வராவிட்டால் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், கமென்டை மூடமாட்டேன்.