ஆட்டோ லைட்டும் ஐநூறு ரூபாய் சலானும்

"என் வண்டியில் ஆட்டோ ஹெட்லைட் இருக்கு, இருட்டினா தானா எரியும், அதனால லைட் இல்லாம ஓட்டினேன்னு எனக்குப் போட்ட சலான் தப்பு" என்று யாராவது கோர்ட்டுக்குப் போனால் தோற்றுத்தான் திரும்புவார்கள். தோற்கவும் வேண்டும். சட்டத்துக்கு அந்த லைட்டைத் தானாகப் போடுகிற சென்சார் என்று ஓர் ஆளைத் தெரியாது. ஸ்டியரிங் யார் கையில் இருந்ததோ அவர்தான் லைட்டுக்கும் பொறுப்பு. நான் ஒரு ஹெட்லைட் சலானை எதிர்த்து வழக்காடினேன் என்று கேள்விப்பட்டதிலிருந்து ஆளாளுக்குப் போன் செய்து, "ஆட்டோ மோட்னு சொன்னா விட்டுருவாங்களா அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள். விடமாட்டார்கள். நான் அதைச் சொல்லவும் இல்லை.

நடந்தது இதுதான். கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாரிலிருந்து குலசேகரம் போகிற பக்கத்து ரோடுகளைத் தெரிந்தவர்களுக்கு விளக்கவேண்டாம். ரப்பர் தோட்டத்துக்குள் நுழைந்தால் சாயங்காலம் ஐந்தரைக்கே மங்கிவிடும். ஒரு வளைவு திரும்பினால் வாழைத்தோப்போ வயலோ வந்து வானம் வெளிச்சமாகும். அப்புறம் மறுபடியும் ரப்பர். நவம்பர் மாதம், மழை விட்டிருந்த நேரம். ரோட்டோரம் நின்ற காவலர் ஒருவர் கையிலிருந்த கருவியில் என் காரைப் படம் எடுத்திருக்கிறார். கை காட்டி நிறுத்தவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு மெசேஜ்: முகப்பு விளக்கு இல்லாமல் ஓட்டியது, 500 ரூபாய், நேரம் மாலை 6.11.

அந்தக் காவலர் பொய் எழுதினார் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. இந்த ஆட்டோ லைட்டின் சென்சார் பெரும்பாலும் முன்கண்ணாடியின் உள்பக்கம், ரியர் வியூ மிரருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும். சில வண்டிகளில் டேஷ்போர்டு மேல். அது வெளியே இருக்கிற வெளிச்சத்தை அளக்கிறது. ஒரு பாலத்துக்கு அடியில், ஒரு மரநிழலில் போனதற்கெல்லாம் லைட் எரிந்து அணைந்து மினுக்கக்கூடாது என்று வேண்டுமென்றே சிறிது நேரம் பொறுத்துப் பார்க்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். வெளிச்சத்திலிருந்து ரப்பருக்குள் நுழைகிற இடத்தில் நிற்பவர் கண்ணுக்கு, சில நொடிகள் லைட் இல்லாத கார் ஒன்று வருவது உண்மைதான். போதாக்குறைக்கு 2017 ஏப்ரலிலிருந்து வருகிற எல்லா பைக்கும் நட்டநடுப் பகலிலும் லைட் எரிந்தபடியே ஓடுகிறது. அதையே நாள் முழுக்கப் பார்க்கிற கண்ணுக்கு லைட் எரியாத கார் சட்டென்று உறுத்தும். அதிலும் தப்பில்லை.

ஆனால் கண்ணுக்கு உறுத்துவது வேறு, குற்றம் வேறு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 105-ஆவது விதியை எடுத்துப் படித்துப் பாருங்கள். சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழிந்ததிலிருந்து, உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வரை விளக்கு எரிய வேண்டும். அது போக, போதிய வெளிச்சம் இல்லாத எந்த நேரத்திலும் எரிய வேண்டும். நவம்பர் நடுவில் நம்ம மாவட்டத்தில் சூரியன் மறைவது ஆறு மணிக்குச் சற்று முன்னால். அரை மணி கூட்டினால் கிட்டத்தட்ட ஆறரை. 6.11-க்கு அந்தக் கெடு தொடங்கவே இல்லை. ஆக, "போதிய வெளிச்சம் இல்லை" என்ற ஒரே காலில்தான் அந்த சலான் நிற்க முடியும். வெளிச்சம் இருந்ததா, இல்லையா, என் லைட் எரிந்ததா, இல்லையா என்பதைக் காட்டவேண்டியது அவர்கள் எடுத்த படம்.

இனி அந்தப் படத்துக்கு வருவோம். படம் வண்டியின் பின்னால் இருந்து எடுத்தது!

ஹெட்லைட் எரியவில்லை என்று சொல்வதற்கு டிக்கியைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நான் இதைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, வொர்க்ஷாப்பில் வயரிங் பார்க்கிற தம்பி ஒருவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, நம்பர் பிளேட்டுக்கு மேல உள்ள பல்பைப் பாத்தியளா? எரியுதுல்லா!"

பார்த்தேன். பிளேட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்ன வெள்ளைத் திட்டு. எழுத்தின் மேல்பாதி வெளுத்து, கீழ்பாதி சாம்பலாக இருந்தது. பின்னால் சிவப்பு எரிவது பிரேக்காகவும் இருக்கலாம். நம்பர் பிளேட் பல்பு பிரேக் மிதித்தால் எரியாது. பார்க் லைட்டோடு, அதாவது வண்டியின் முன்னும் பின்னும் எரிகிற சின்ன விளக்கோடு, சேர்ந்த சர்க்யூட் அது. பகலில் முன்னால் தானாக எரிகிற பகல் விளக்கான டிஆர்எல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என் வண்டியில் டிஆர்எல் மட்டும் எரிகிறபோது பின்பக்கம் இருட்டாகத்தான் இருக்கும். சுவிட்ச் ஆட்டோவில் இருந்தால் பார்க் லைட்டும் ஹெட்லைட்டும் ஒரே நேரத்தில்தான் எரியும் என்று வண்டியோடு தருகிற புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. அதாவது, காவலர் என்னைப் பார்த்த நொடியில் லைட் எரியாமல் இருந்திருக்கலாம். அவர் கருவியைத் தூக்கிப் படம் எடுத்த நொடியில் எரிந்திருக்கிறது. குற்றத்துக்குச் சாட்சியாக வந்த படம் எனக்குச் சாட்சி சொல்லிற்று.

முதலில் அரசின் பரிவாகன் சலான் இணையதளத்திலேயே படத்தோடு புகார் போட்டேன். நிராகரிக்கப்பட்டது, காரணம் ஒரு வரி கூட இல்லை. பிறகு அது ஆன்லைனில் நடக்கிற விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போனது. அங்கே இரண்டு வழி: அபராதத்தைக் கட்டுவது, அல்லது எதிர்த்து வழக்காடுவது. இரண்டாவதை அழுத்தினால் வழக்கு நம்ம ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வந்துவிடும்.

பெட்டி கேஸ் என்கிற சில்லறை வழக்கு நாளில் கோர்ட்டுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வரிசையாக நிற்பார்கள், பெயர் கூப்பிடுவார்கள், "குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?" என்பார்கள், "ஆமா" என்பார்கள், தொகையைச் சொல்வார்கள், அடுத்த ஆள். எனக்கு முன்னால் நின்ற பையன் கேள்வி முடிவதற்குள்ளேயே ஆமா என்றான். என் முறை வந்ததும் "இல்லம்மா" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். வாய்தா போட்டார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர் காதருகே வந்து, "ஓய், ஐநூறு ரூவாய்க்கு கேஸ் நடத்தப் போறீரா?" என்றார். அவர் சொன்ன கணக்கு சரிதான். லீவும் பெட்ரோலும் சேர்த்தால் ஐநூறைத் தாண்டிவிடும்.

வாய்தா அன்று படத்தின் பிரிண்ட், புத்தகத்தின் அந்தப் பக்கம், விதி 105 மூன்றையும் கொடுத்தேன். மாஜிஸ்திரேட் அம்மா போலீஸ் தரப்பிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "முன்பக்கப் படம் இருக்கா?" இல்லை என்றார்கள். பிளேட்டை ஒருமுறை உற்றுப் பார்த்தார். விடுதலை. அவ்வளவுதான்.

ஐநூறு ரூபாய்க்கு இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 177-ஆவது பிரிவில் முதல் தடவைக்கு 500 வரை, மறு தடவைக்கு 1500 வரை. இன்றைக்குச் செய்யாத குற்றத்துக்கு ஐநூறைக் கட்டினால், நாளைக்கு இன்னொரு படம் வரும்போது நாம் பழைய குற்றவாளி. எல்லை தாண்டினால் கேரளத்தில் 2023 ஜூனில் 726 கேமராவோடு ஒரு திட்டமே தொடங்கினார்கள். களியக்காவிளை தாண்டிப் போய்வருகிற நம்ம ஆட்களில் எத்தனை பேருக்கு மெசேஜ் வந்திருக்கிறது என்று மார்த்தாண்டத்தில் கேட்டுப் பாருங்கள். ஆனால் அந்தக் கேமராக்களில் பெரும்பாலானவை ஹெல்மெட், சீட் பெல்ட் பிடிக்க வைத்தவை. படம் முன்பக்கத்திலிருந்து இருக்கும், குற்றம் படத்திலேயே தெரியும். கேமரா சலானுக்கென்று 2021-இல் சேர்த்த 167ஏ விதியும் அதைத்தான் கேட்கிறது: குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், 15 நாளைக்குள் நோட்டீஸ். கையில் பிடித்து எடுக்கிற படத்துக்கும் அதே ஒழுங்கை எதிர்பார்ப்பது பேராசையா?

லைட்டைப் பிடிக்கத்தான் வேண்டும் என்றால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வாருங்கள். ஹை பீமைக் குறைக்காமல் மூஞ்சியில் அடித்துக்கொண்டு வருகிறவர்கள், பின்னால் ஒரு சிவப்புப் பொட்டுகூட இல்லாமல் கல் ஏற்றிக்கொண்டு போகிற டிப்பர்கள். இவற்றுக்கு சென்சார் வேண்டாம், சூரியன் எப்போது மறைந்தது என்று பார்க்கவும் வேண்டாம்.

ஆட்டோ மோடை நான் மெச்சவும் இல்லை. பகலில் மழை கொட்டும்போது வானம் வெளுத்துத்தான் இருக்கும், சென்சார் சும்மா இருக்கும். முன்னால் டிஆர்எல் எரிவதைப் பார்த்துவிட்டு லைட் போட்டாச்சு என்று ஓட்டுகிறார்கள். பின்னால் வருகிறவனுக்கு இவர்கள் வண்டியே தெரியாது. வைப்பர் போட்டால் கையால் லைட்டையும் போடுங்கள்.

சலான் வந்தால் பணம் கட்டுவதற்கு முன் படத்தைத் திறந்து பாருங்கள். எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது, மணி என்ன, பிளேட் பல்பு எரிகிறதா. கட்டிவிட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பி நியாயம் கேட்காதீர்கள், கட்டினால் ஒத்துக்கொண்டதாகத்தான் கணக்கு.