லூனாபாட்டிக்ஸில் ஜெயித்தால் ரோபோ நிலவுக்குப் போகுமா?

லூனாபாட்டிக்ஸ் என்பது கல்லூரி மாணவர்களுக்கு நாசா நடத்தும், மண் தோண்டும் ரோபோக்களுக்கான போட்டி. இதில் ஜெயிக்கும் மாணவர்களின் ரோபோவை நாசா நிலவுக்கே அனுப்பிவிடும் என்று சிலர் நினைக்கலாம். அப்படி இல்லை. 2010-இல் புளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்தில் தொடங்கிய இந்தப் போட்டியில், நிலவு மண் போல அரைத்த எரிமலைப் பாறைத் தூளில்தான் ரோபோக்கள் தோண்டுகின்றன. செய்து முடித்த வேலையோடு ரோபோவின் எடை, மின்செலவு, தானாக இயங்கும் திறன் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு.

அப்புறம், இங்கே நன்றாகத் தோண்டும் ரோபோ நிலவிலும் தோண்டிவிடும் என்று சொல்ல முடியாது. நிலவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்குதான். எடை குறைந்த ரோபோ மண்ணை அழுத்திக் குத்தினால் மண்ணுக்குப் பதில் ரோபோதான் எழும்பும். நிலவு மண் தோண்டுவதற்காக நாசா உருவாக்கிய ராசர் ரோபோவில் முன்னும் பின்னும் உள்ள, மண் அள்ளும் வாளி உருளைகள் எதிரெதிராகச் சுழன்று ஒன்றின் விசையை மற்றொன்று ஈடுசெய்வது இதைச் சமாளிக்கத்தான். மாணவர்களிடமிருந்து நாசாவுக்குப் போய்ச் சேர்வது புது யோசனைகள். அதுவே பெரிய விஷயம்தான்.