கிளவுஸ் யாருக்குப் பாதுகாப்பு?

"அந்தக் காலத்துல வெறுங்கையால அடிச்சுக்கிட்டுச் செத்தானுங்க. இப்பதான் கிளவுஸ் இருக்கே, மாமா!" அக்கா பையன் பாக்ஸிங் கிளாஸில் சேர்ந்த அன்று என்னிடம் சொன்னது. முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை.

வெறுங்கையால் ஒருத்தன் மண்டையில் ஓங்கிக் குத்திப் பாருங்கள், உடைவது உங்கள் கை எலும்பாகத்தான் இருக்கும். பழைய ஆட்டக்காரர்களுக்கு இது தெரியும். அதனால் விலாவிலும் வயிற்றிலும் நிறைய அடித்தார்கள், இடுப்புக்கு மேல் பிடித்துத் தள்ளினார்கள். ஆள் விழுந்தால் ரவுண்டு முடிந்தது. 1889-இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜான் சல்லிவனும் ஜேக் கில்ரெய்னும் பழைய வெறுங்கை விதிப்படியே 75 ரவுண்டு ஆடினார்கள் என்றால் கணக்கு அதுதான். விழுந்தவனுக்கு அரை நிமிடம் மூச்சு வாங்கக் கிடைக்கும்.

அந்த அரை நிமிடத்தை எழுதிவைத்தவர் லண்டன் குத்துச்சண்டைக்காரர் ஜாக் பிராட்டன், 1743-இல். இரண்டு வருஷம் முன்னால் அவரோடு மோதிய ஜார்ஜ் ஸ்டீவன்சன் சில வாரங்களில் இறந்துபோனார். அந்த உறுத்தலில்தான் விதி எழுதினார் என்பார்கள். விழுந்தவனை அடிக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், பஞ்சு வைத்த கையுறையைக் கொண்டுவந்தவரும் இதே பிராட்டன்தான். யாருக்கு? காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள வந்த கனவான்களுக்கு, அவர்கள் மூக்கு உடையாமல் இருக்க! பந்தயத்தில் மோதிய ஏழைகளுக்கு வெறுங்கைதான். 1750-இல் ஜாக் ஸ்லாக்கிடம் பிராட்டன் தோற்றதே கண் இரண்டும் வீங்கி மூடிப்போனதால்தான். ஆக, கிளவுஸ் முகத்தைக் காக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். காயம் குறையும், ரத்தம் குறையும். நான் கேட்பது மூளையைப் பற்றி.

1867-இல் குவீன்ஸ்பெரி விதிகள் வந்தன. எழுதியவர் ஜான் கிரகாம் சேம்பர்ஸ், பெயரை வாங்கிக்கொண்டது குவீன்ஸ்பெரி பிரபு. (எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டைச் சிறைவரை இழுத்துவிட்ட அதே பிரபு.) மூன்று நிமிட ரவுண்டு, மல்யுத்தப் பிடி கூடாது, விழுந்தால் 10 விநாடிக்குள் எழ வேண்டும், கட்டாயம் கிளவுஸ். இப்போது கை பத்திரம், எனவே தலையைத் தாராளமாக அடிக்கலாம். அரை நிமிடம் போய் 10 விநாடி ஆனது. பொறி கலங்கியவன் எழுந்து நின்று மறுபடி வாங்குகிறான்.

1928-இல் ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிவாங்கி அடிவாங்கித் தள்ளாடும், பேச்சுக் குழறும் குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அவர்கள் எல்லாம் கிளவுஸ் காலத்து ஆட்டக்காரர்கள்.

பையனிடம் இவ்வளவையும் சொன்னேன். "அப்போ ஹெட்கார்டு போட்டுக்கறேன்" என்றான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் ஹெட்கார்டு இல்லாமல் ஆடிய கதையை இன்னும் ஆரம்பிக்கவில்லை.