ஓடிக்கொண்டிருந்த 14 கணினிகள்

மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளுக்குக் கணினி பழக்கும் நம் குழுவின் படிப்பகத் திறப்பு விழாப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முன்னால் புதுக் கணினிகள், பூமாலை, சிரித்த முகங்கள். பின்னால் சுவரோரமாக ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்களே, அந்த 14 பழைய கணினிகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அவை ஓடிக்கொண்டிருந்தன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் படத்துக்குக் கீழே வாழ்த்துச் சொன்ன அத்தனை பேரில் ஒருவர்கூட "அதெல்லாம் கெட்டுப் போச்சா?" என்று கேட்கவில்லை. கெடவில்லை. போன மாதம் வரைக்கும் பிள்ளைகள் அவற்றில்தான் தட்டச்சு பழகினார்கள்.

பிறகு ஏன் போகின்றன? புதிய இயங்குதளம், அதாவது கணினியை இயக்குகிற அடிப்படை மென்பொருள், அவற்றில் ஏறாது. செயலி பழுதா, இல்லை. ரேம் போதாதா, 8 ஜிபி இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் போட்டதே நான்தான், என் கையாலேயே போட்டேன். அந்த இயங்குதளத்தைச் செய்கிற நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் இந்தச் செயலியின் பெயர் இல்லை, அவ்வளவுதான். ஒரு பட்டியலில் பெயர் இல்லாததால் 14 நல்ல இயந்திரங்கள் பழைய இரும்பு விலைக்குப் போகின்றன.

குழுக் கூட்டத்தில் நான் சொன்னது இதுதான்: இரண்டு வார இறுதி கொடுங்கள், பதினான்கிலும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் எளிய வடிவத்தைப் போட்டுத் தருகிறேன், ஒரு பைசா செலவில்லை. அதற்கு வந்த பதில், "அக்கா, உங்களுக்குப் பழசு மேலே ஒரு பாசம். அதை வைத்துக்கொண்டு குழுவை நடத்த முடியாது." சொன்ன தம்பியின் பெயர் இங்கே வேண்டாம். அவர் சொன்னதுகூடப் பெரிதில்லை. ஒன்பது வருடமாக அந்தப் பெட்டிகளைத் தூசு தட்டி, மின்விசிறிக்கு எண்ணெய் விட்டு, ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் வந்தால்கூட "எந்த விளக்கு எரியுது, சொல்லு" என்று பொறுமையாகக் கேட்டுப் பழுது பார்த்தவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, பாசம் என்றே வைத்துக்கொள்வோம். 2022-இல் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவைக் கொட்டியிருக்கிறது என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். மீதி எங்கே போயிற்று என்பதற்குச் சரியான கணக்கே இல்லை. ஒரு மடிக்கணினியோ கைபேசியோ தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரியமில வாயுவில் பெரும்பங்கு நாம் அதை ஆன் செய்வதற்கு முன்பே, சுரங்கத்திலும் சில்லு (சிப்) ஆலையிலும் வெளியேறிவிடுகிறது. ஆகவே ஓடுகிற கணினியை இன்னும் ஐந்து வருடம் ஓட்டுவதைவிட மலிவான, சுத்தமான கணினி எந்தக் கடையிலும் கிடைக்காது.

பாதுகாப்பு என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ஓட்டைகளை அடைக்காத இயங்குதளத்தை இணையத்தில் விடுவது ஆபத்துதான், அதை நான் மறுக்கவே இல்லை. அதற்குத்தான் லினக்ஸ் என்றேன். தட்டச்சு பழகுகிற கணினிக்கு இணையமே எதற்கு என்றும் கேட்டேன். இரண்டுக்கும் பதில் வரவில்லை. மின்சாரம் அதிகம் குடிக்கும் என்றார் இன்னொருவர். இருபது வருடத்துக்கு முந்தைய மேசைக்கணினி என்றால் உண்மை, அதைக் கட்டி அழச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இவை 2015-ஆம் வருடத்துப் பெட்டிகள்.

ஆனால் எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. கூட்டத்தில் நான் பேசியதைப் பற்றி "அறிவியலுக்கு எதிராகப் பேசுகிறீர்கள்" என்று உங்களில் சிலர் எழுதியிருந்தீர்களே, அங்கேதான்.

வாயேஜர் 1 விண்கலம் 1977 செப்டம்பர் 5-இல் கிளம்பியது. அதிலுள்ள கணினிகளின் நினைவகம் மொத்தமாகச் சேர்த்தால்கூட 70 கிலோபைட்டைத் தாண்டாது. நீங்கள் காலையில் அனுப்புகிற ஒரு வணக்கப் படத்துக்கு அந்த இடம் போதாது. 2023 நவம்பரில் அது புரியாத தரவை அனுப்ப ஆரம்பித்தது. நாசாப் பொறியாளர்கள் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய ஆவணங்களைப் புரட்டி, ஒரு கணினியின் நினைவகத்தில் ஒரே ஒரு சில்லு செத்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அங்கே இருந்த நிரல் வேறெங்கும் முழுதாகப் பொருந்தாததால் அதைத் துண்டு துண்டாக்கி, கிடைத்த இடுக்குகளில் செருகி அனுப்பினார்கள். கட்டளை போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர அதே அளவு. 2024 ஏப்ரலில் அந்தக் கலம் மறுபடி ஒழுங்காகப் பேசியது. ஏன் முடிந்தது? அந்த இயந்திரம் மொத்தமும் மனிதன் ஒரு மேசையில் விரித்துப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய அளவில் இருந்ததால் முடிந்தது. என்னைப் பொறுத்தவரை அதுதான் அறிவியல், நான் கேட்பதும் அதைத்தான்.

நிக்லாஸ் விர்த் 1995-லேயே எழுதினார், வன்பொருள் வேகமாகிற வேகத்தைவிட மென்பொருள் மெதுவாகிற வேகம் அதிகம் என்று. பாஸ்கல் மொழியைத் தந்தவர், 2024 புத்தாண்டு அன்று காலமானார். அவர் சொல்லி முப்பது வருடம் ஆகிறது. அன்றைக்கும் ஒரு கடிதம் அடித்தோம், இன்றைக்கும் அதே கடிதத்தைத்தான் அடிக்கிறோம். ஆனால் அதை அடிக்கிற மென்பொருளுக்கு இப்போது ஜிபி கணக்கில் இடம் வேண்டியிருக்கிறது. கடிதம் அப்படியேதான் இருக்கிறது.

இன்னொன்று. புதுச் சில்லு எப்போதும் வந்துகொண்டே இருக்கும் என்று உங்களுக்கு யார் உறுதி கொடுத்தது? 2021-இல் சில்லு கிடைக்காமல் கார் ஆலைகளே உற்பத்தியை நிறுத்தியதை எல்லோரும் மறந்துவிட்டோம். மறு வருடம் உக்ரைனில் போர் தொடங்கியபோது சில்லு ஆலைகளுக்கு வேண்டிய தூய நியான் வாயுவுக்கே திண்டாட்டம். மிக நுண்ணிய சில்லுகளைச் செதுக்கும் அதிதீவிரப் புற ஊதா ஒளி (இ.யு.வி.) இயந்திரத்தைச் செய்வது உலகத்திலேயே ஒரே ஒரு நிறுவனம். இத்தனை மெல்லிய நூலில் தொங்குகிற ஒன்றை நம்பி, கையில் இருப்பதைத் தூக்கி எறிகிறோம்.

இதை யோசிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். விர்ஜில் டுப்ரா என்பவர் 2019-இல் கொலாப்ஸ் ஓஎஸ் என்று ஓர் இயங்குதளத்தை வெளியிட்டார். புது உதிரிபாகம் கிடைக்காத காலம் வந்தால், குப்பையிலிருந்து பொறுக்கிய இசட்80 போன்ற பழைய செயலிகளில் ஓடவேண்டும் என்பது அவர் எண்ணம். இசட்80 வந்தது 1976-இல். தனிச் சில்லாக அதன் உற்பத்தியை 2024-இல்தான் நிறுத்தினார்கள். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு! பாய்மரப் படகில் வாழ்கிற இரண்டு கலைஞர்கள், சூரிய மின்சாரத்தையும் நடுக்கடலில் கிடைக்கிற கொஞ்சம் இணையத்தையும் வைத்துக்கொண்டு ஜிபி கணக்கில் அப்டேட் இறக்கிக் கட்டுப்படியாகாமல், 64 கிலோபைட் நினைவகம் போதுமென்று உக்ஸன் என்ற மெய்நிகர் கணினியை, அதாவது மென்பொருளாலேயே ஆன ஒரு சின்னக் கணினியை, எழுதினார்கள். இவர்களைப் பற்றிக் கூட்டத்தில் சொன்னபோது, "அக்கா, உலகம் அழியப் போகுதுங்கிறீங்களா?" என்று கேட்டார்கள். உலகம் அழியும் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. பொருள் அரிதாகும் என்கிறேன். அழிவு ஒரே நாளில் வரும், அரிது மெதுவாக வரும். பேட்டரி கிடைக்காது, அப்புறம் ஒரு சின்ன உதிரிபாகம் கிடைக்காது, அப்புறம் அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஆள் கிடைக்கமாட்டார்.

அந்த ஆள் கிடைக்காமல் போவதுதான் எனக்கு உண்மையான பயம்.

அப்பா போன பிறகு அவருடைய மேசைக்கணினியைத் திறந்தேன். ஐந்து வருடம் மூடியே கிடந்தது. ஆன் செய்தால் தேதி 2000 ஜனவரி 1 என்று காட்டியது. பிரவுசரில் எந்தத் தளமும் திறக்கவில்லை, தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் அந்தத் தேதியில் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று ஒவ்வொன்றும் திருப்பி அனுப்பியது. வேறு யாராவது என்றால் அன்றைக்கே எறிந்திருப்பார்கள். நான் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். மதர்போர்டின் மூலையில் வட்டமாக, வெள்ளியாக, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக, கணினியை அணைத்த பிறகும் அதன் கடிகாரத்தை ஓடவைக்கிற ஒரு பேட்டரி. சிஆர்2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், 3 வோல்ட். ஓரத்தில் இருக்கிற சின்னக் கொக்கியை நகத்தால் தள்ளினால் தானாக எகிறி வரும். புதியதை வைத்து விரலால் அழுத்தினேன், டிக் என்று உட்கார்ந்தது. தேதியைச் சரி செய்தேன். தளங்கள் திறந்தன. அவ்வளவுதான் பழுது.

ஆனால் அப்பாவின் கோப்புகள் வேறு கதை. அவர் கணக்கு எழுதிய மென்பொருள் திறக்கவில்லை. அது உரிமத்தைச் சரிபார்க்கத் தேடிய சர்வரையே மூடிவிட்டார்கள். பத்து வருடக் கணக்கு உள்ளே இருக்கிறது, கண்ணால் பார்க்க முடியாது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அவர் தட்டச்சு செய்த கடிதங்கள் வெறும் குறிகளாகத் தெரிந்தன. எந்த எழுத்துரு என்று தேடி, அதை யுனிகோடாக மாற்றித் தரும் நிரல் ஒன்றைப் பிடித்து, ஒவ்வொன்றாக மீட்டேன். ஒரே ஒரு கோப்பு மட்டும் தட்டியவுடனே திறந்தது. வெறும் உரைக் கோப்பு, யுனிகோடு தமிழ், அலங்காரம் எதுவும் கிடையாது. வீட்டுப் பொருள்களின் பராமரிப்புக் குறிப்பு. "மின்விசிறிக்கு எண்ணெய் போட்டாயிற்று. அடுத்து ஆறு மாதம் கழித்து." இப்படியே பக்கம் பக்கமாக. கடைசி வரி, "கணினி பேட்டரி மாற்ற வேண்டும், பாப்பாவிடம் சொல்லவும்."

அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதை எழுதுவது அனுதாபத்துக்காக இல்லை. எளிமையாக இருந்தது மிஞ்சியது, சிக்கலாக இருந்தது பூட்டிக்கொண்டது, இதை நான் ஏதோ கொள்கையாகப் படித்து வந்து ஒப்பிக்கவில்லை, என் வீட்டு மேசையில் பார்த்தேன். அதனால்தான் கூட்டத்தில் என் குரல் உயர்ந்தது. உயர்ந்தது தவறு என்றால் ஒப்புக்கொள்கிறேன், சொன்னது தவறில்லை.

புதியது வாங்கவே கூடாதா என்று இதற்கும் கீழே கேட்கப் போகிறீர்கள். வாங்குங்கள். உடைந்ததற்குப் பதில் வாங்குங்கள். நானே போன வருடம் வாங்கினேன். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல் கைபேசிகளுக்கு உதிரிபாகமும் அப்டேட்டும் பல வருடத்துக்குத் தரவேண்டும் என்று விதி போட்டுவிட்டது, 2027 முதல் பேட்டரியை நாமே கழற்றும்படி செய்யவேண்டும் என்கிறது. அத்தனை நாடுகளின் அரசுகள் உட்கார்ந்து சட்டம் எழுதுகிற விஷயத்தைத்தான் நம் குழுவில் "பழசு மேலே பாசம்" என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

அந்தப் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொண்டார்கள் என்று யோசித்தீர்களா? போன வருடம் எட்டாவது படிக்கிற ஒரு பெண் ரேமைக் கழற்றி, அழிப்பானால் முனையைத் துடைத்து, தானே மாட்டி ஓட வைத்தாள். அன்றைக்கு அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இந்தப் புதுக் கணினிகளில் ரேம் பலகையோடு சேர்த்து ஒட்டியே வருகிறது, திறந்தால் உத்தரவாதம் போய்விடும். அவளிடம் "தொடாதே" என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். திறப்பு விழாவில் அவள் கடைசி வரிசையில் நின்றாள், படத்தில் பாதி முகம் தெரியும், பாருங்கள்.

பதினான்கில் நான்கை நேற்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று ஓடுகின்றன, நான்காவதுக்கு மின்விசிறி மட்டும் மாற்ற வேண்டும். ஒன்றை அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கப் போகிறேன், ஸ்க்ரூ டிரைவரோடு. மீதி பத்தும் வெள்ளிக்கிழமை எடைக்குப் போகின்றன. வேண்டுமென்கிறவர்கள் வியாழக்கிழமைக்குள் உள்பெட்டியில் சொல்லுங்கள், லினக்ஸ் போட்டுத் தருவது என் பொறுப்பு.