முத்துலட்சுமி என்ன பிழை செய்தாள்?

நேற்று எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கூத்து. புலமைப்பரிசில் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் இணையப் பக்கத்தில் வெறும் வெள்ளையாக வந்ததற்கு அங்கே ஓர் அண்ணன் கண்டுபிடித்த காரணம்: "தமிழில பேர் போட்டா இப்படித்தான். இங்கிலீஷில அடிங்க."

அண்ணா, பிழை தமிழில் இல்லை. கைமாறும் இடத்தில் இருக்கிறது.

சர்வரில் ஓடும் நம்முடைய பி.எச்.பி. ஸ்கிரிப்ட் பெயர்களை ஜேசனாக்கி, அதாவது புரோகிராம்கள் தங்களுக்குள் தகவலைக் கைமாற்றும் ஓர் எழுத்து வடிவமாக்கி, கொடுக்கிறது. பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் அதை வாங்கிப் பட்டியல் போடுகிறது. ஜேசனுக்குத் தமிழ் ஒன்றும் புதிதில்லை. ஆனால் கொடுப்பதற்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் ஒவ்வொரு பெயரையும் 20 பைட்டோடு வெட்டியிருக்கிறார் (பைட் என்பது கணினி சேமிப்பின் சிறு அலகு). எழுத்துகளைப் பைட்டாக்கும் யுடிஎப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். நம்முடைய 'ர'வுக்கு மூன்று, அதன் காலுக்கு இன்னொரு மூன்று. 'ராணி' 12 பைட், தப்பித்துவிட்டாள். 'முத்துலட்சுமி' 39. கத்தி 'ல'வின் நடுவில் விழுந்து, மூன்றில் இரண்டு பைட்தான் மிச்சம். அந்த அரை எழுத்தைக் கண்டதும் ஜேசனாக்கும் கட்டளையான ஜேசன் என்கோட் சத்தமே போடாமல் 'ஃபால்ஸ்' என்று கையை விரித்துவிடுகிறது. ஒரு பிள்ளையின் பெயரை வெட்டியதில் மொத்தப் பட்டியலும் போச்சு. பைட்டை எண்ணி வெட்டும் சப்ஸ்டர் இருந்த இடத்தில், எழுத்துக் குறிகளை எண்ணி வெட்டும் எம்பி சப்ஸ்டர் போட்டேன், வந்துவிட்டது. இதில் தமிழ் செய்த குற்றம் என்ன?

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துப் பழகியவர்களுக்கு இந்தப் பயம் இருக்கலாம். அது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி. யூனிகோட் அப்படியில்லை, அதில் தமிழுக்கே சொந்த இடம் உண்டு.

"வேலை முடிஞ்சா சரிதானே, எந்த மொழியா இருந்தா என்ன?" என்பீர்கள். எங்கள் அம்மாவிடம் வந்து சொல்லுங்கள். முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் இன்னொன்று. யாரோ காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதியது. ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுக்க, எல்லாம் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடிக்க ஹட்டனுக்கு மூன்று தடவை அலைந்தார். மூன்று நாள் பேரும், அதாவது நாள் கூலியும், போச்சு. அதுவும் கைமாறும் இடத்தில் நடந்த வெட்டுத்தான். அப்போதும் "உங்க பேரு நீளம்" என்றுதான் சொன்னார்கள்.

"பேர் வெட்டின அந்த புரோகிராம் வரியை நீயும் பார்த்தாய்தானே?" என்று யாராவது கேட்கலாம். பார்த்தேன், கவனிக்கவில்லை. அது வேறு விஷயம்.

திருத்திய வரியை இரவே குரூப்பில் போட்டுவிட்டேன். அண்ணன் இன்னும் பார்க்கவில்லையாம். நீல டிக் மட்டும் எப்படியோ விழுந்திருக்கிறது.