வெட்டிய துண்டுகளும் வேண்டும்

பிபிசி வீடியோ நாடாப் பிரிவு ஊழியர்கள், படப்பிடிப்பில் சொதப்பிய துண்டுகளைச் சேர்த்துக் கிறிஸ்மஸுக்குத் தங்களுக்குள் போட்டுப் பார்த்ததை வெறும் விளையாட்டு என்று நான் படித்த ஒரு கட்டுரை தள்ளிவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்போது நிகழ்ச்சிகளைப் பதிந்த இரண்டு அங்குல அகல வீடியோ நாடா விலை கூடியது. அதனால் 1960, 70களில் எத்தனையோ நிகழ்ச்சிகளை அழித்துவிட்டு அதே நாடாவில் வேறு பதிந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு துண்டையாவது யாரோ எடுத்து வைத்தது பெரிய காரியம்.

நான் திருகோணமலையில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். இங்குள்ள பிரெட்ரிக் கோட்டைக்குள் படம் எடுக்கும்போது மான் வந்து மணமகளின் பூச்செண்டைக் கடித்து இழுக்கும். மாப்பிள்ளை மறுபக்கம் இழுப்பார், கமெராக்காரத் தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் படமே ஆடும். முடித்துக் கொடுக்கும் வீடியோவில் அது வராது. ஆனால் வீட்டுக்காரர் பிறகு வந்து கேட்பது அதைத்தான். அதில்தான் அம்மம்மா இயல்பாகப் பேசுகிற குரல் இருக்கும்.

இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கிய 1982 காலத்துத் தமிழ் நிகழ்ச்சிகளில் வேலை செய்த யாரிடமாவது இப்படி நாடா இருந்தால், தயவுசெய்து டிஜிட்டலுக்கு மாற்றி வையுங்கள். ஈரக்காற்றில் நாடா பூஞ்சணம் பிடித்துவிடும், எங்கள் கடற்கரைப் பக்கம் சொல்லவே வேண்டாம். அப்புறம், வெளியில் போடுவதற்கு முன் அதில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.