வுல் பேட்டிங் துவைச்சா கட்டியாயிடுமா?
வுல் பேட்டிங்னா குவில்ட்ல, அதாவது அடுக்கு வச்சு தைக்கிற போர்வையில, ரெண்டு துணிக்கு நடுவுல வைக்கிற கம்பளி அடுக்கு. ஒருத்தர் "வுல் பேட்டிங் வச்சு தையல் மெஷின்ல குவில்ட் பண்ணா ஒரே துவைப்புல கட்டியாயிடும்"னு போட்டிருக்காங்க, அது அப்படி இல்லங்க. சூடு, ஈரம், உரசல் மூணும் ஒண்ணா சேரும்போதுதான் கம்பளி அதிகமா இறுகும், அதனால பச்சத்தண்ணில வாஷிங் மெஷின் ஜென்டில் சைக்கிள்ல போட்டு, கம்பளிக்கான லிக்விட் ஊத்தி, படுக்க போட்டு காய வச்சா போதும், ட்ரையர் சூடு மட்டும் வேணவே வேணாம். தையலுக்கு தையல் எவ்வளவு இடைவெளி விடலாம்னு பேட்டிங் பாக்கெட்லயே போட்டிருக்கும், அதை தாண்டாதீங்க, தையல்தான் நாரை நகர விடாம பிடிச்சு வைக்குது. கொஞ்சம் சுருங்கும், உண்மைதான், காட்டனும் சுருங்கத்தானே செய்யுது! தையல் மெஷினுக்கு இது ரொம்ப நல்ல பேட்டிங்ங்க, எடை கம்மி, உப்பலா இருக்கறதால தையல் டிசைன் எடுப்பா தெரியும், மடிச்சு வச்ச தடமும் காட்டன் மாதிரி நிக்காது. வாக்கிங் ஃபுட் (எல்லா அடுக்கையும் ஒண்ணா நகர்த்தற தையல் மெஷின் பாதம்) போட்டு ஒரு சின்ன துண்டுல தைச்சு, துவைச்சு பாருங்க.